மாணவருக்கு என்ன தெரியும் என்பவர்களுக்கு

பல்கலைக்கழகப் பாடநெறிகளை வகுக்கும் வேலையில் மாணவர்களையும் பங்காளிகளாகச் சேர்க்க வேண்டும் என்று யாராவது பேச்செடுத்தால், நம் நாட்டில் உடனே ஒரு பதில் வந்து விழும்: "படிக்க வந்தவர்களுக்கு எதைப் படிக்க வேண்டும் என்று எப்படித் தெரியும்?" விரிவுரையாளர்கள் இதைச் சொல்கிறார்கள், பெற்றோர் சொல்கிறார்கள், மாணவர்களிலேயே பலர் சொல்கிறார்கள். மலையகத்தில் இந்தப் பதிலோடு இன்னொரு பேச்சும் சேர்ந்துகொள்ளும். "எங்கள் பிள்ளைகள் கெம்பஸ் போவதே பெரும்பாடு. முதலில் உள்ளே போகட்டும், கொடுப்பதை ஒழுங்காகப் படிக்கட்டும், பட்டத்தோடு வெளியே வரட்டும். பாடத்திட்டம் எழுதும் ஆசையெல்லாம் பிறகு." ஸ்பிரிங்வெளியிலோ மடுல்சீமையிலோ லுணுகலையிலோ ஒரு லயத்து வீட்டில் உட்கார்ந்து கேட்டால், இது நியாயமான பேச்சாகவே படும்.

இந்தக் கருத்தைச் சும்மா தட்டிவிட முடியாது. அதற்குப் பின்னால் மூன்று காரணங்கள் இருக்கின்றன. ஒரு துறையின் பரப்புத் தெரியாதவருக்கு அதில் எது அத்திவாரம், எது அலங்காரம் என்று பிரித்துப் பார்க்க முடியாது என்பது முதலாவது. பட்டத்தின் தரம் என்பது பல்கலைக்கழகம் சமூகத்துக்குக் கொடுக்கும் உறுதி, பட்டம் பெறப்போகிறவரே அதை நிர்ணயித்தால் உறுதி தளர்ந்துவிடும் என்பது இரண்டாவது. இலங்கையில் மாணவர் குரல் என்று எழுந்தது பல வேளைகளில் கட்சிகளின் குரலாகவே இருந்திருக்கிறது என்பது மூன்றாவது. மூன்றிலும் உண்மை உண்டு. ஆனால் மூன்றையும் ஒன்றாகக் கட்டி வைத்தாலும், "ஆகவே மாணவர் வேண்டாம்" என்ற முடிவை அவை தாங்கவில்லை.

உரிமை என்றோ சலுகை என்றோ இதை நான் கேட்கவில்லை. மாணவரிடம் இருக்கும் அறிவு சேராவிட்டால், பாடநெறி தன் சொந்தப் பொருளையே அரைகுறையாகத்தான் சொல்லும் என்கிறேன். இதற்குச் சான்று தேடிக் கடல் கடக்க வேண்டியதில்லை. பதுளையே போதும்.

பதுளையிலிருந்து பசறை போகும் வீதியில் இருக்கும் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் 2005-இல் தொடங்கப்பட்டது. நாட்டின் வளங்களுக்குப் பெறுமதி சேர்க்கும் கல்வி என்பதே அதன் அடையாளம். தேயிலைத் தொழில்நுட்பமும் பெறுமதி சேர்த்தலும் என்று ஒரு பட்டப்படிப்பே அங்கே உண்டு. படிப்பு ஆங்கிலமொழிமூலம். நாட்டின் எல்லா மாவட்டங்களிலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். சுற்றியிருக்கும் மலைகளிலோ, நமுனுகுலைச் சரிவு நெடுக, தமிழ்மொழிமூலம் உயர்தரம் படிக்கும் தோட்டத்துப் பிள்ளைகள் இருக்கிறார்கள். தேயிலையைப் பட்டப்படிப்பாக்கிய ஒரு நிறுவனமும், தேயிலைக்குள்ளேயே பிறந்து வளர்ந்த ஒரு தலைமுறையும் இவ்வளவு அருகருகே இருக்கும் இடம் உலகில் அதிகம் இராது.

ஊவாத் தேயிலையின் பெயர் ஜூலை முதல் செப்டெம்பர் வரையான பருவத்தால் வந்தது. தென்மேல் பருவக்காற்று மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, மலையைத் தாண்டும்போது ஈரம் இழந்து கச்சான் காற்றாக இந்தப் பக்கம் இறங்கும். அந்த வறட்சியில் துளிர் மெதுவாக வளரும், வாசனைச் சேர்மங்கள் கூடும். ஊவாத் தேயிலைக்கே உரிய அந்தக் குளிர்ந்த மணத்தில் மெதைல் சலிசிலேட்டுக்குப் பெரும் பங்கு உண்டு. நல்ல பருவத்துத் தேயிலைக்குக் கொழும்பு ஏலத்தில் தனி மதிப்பு. இவ்வளவும் தேயிலை இரசாயனத்தில் வரும் பாடம். இதே வாரங்களில் மலையில் கொழுந்து குறையும். குறைந்த கொழுந்தில் நாளுக்குரிய கிலோவை எட்ட முடியாமல் அரைப்பேரோடு, அதாவது அரைநாள் கூலியோடு, வீடு திரும்பும் பெண்ணின் கணக்கு, வழமையான பாடப் பிரிப்பில், முகாமைத்துவத்தின் கீழ் 'தொழிலாளர் உற்பத்தித்திறன்' என்ற தலைப்பில் எங்கோ வரும். தேயிலைக்கு மணம் கூடும் மாதமும், அதைப் பறிப்பவருக்குப் பேர் விழாத மாதமும் ஒன்றுதான் என்பதை இரண்டு விரிவுரைகளும் சொல்லாமலே முடிந்துவிடலாம். அம்மா கொழுந்துக்குப் போகும் வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு இவை இரண்டும் ஒரே விஷயம். 2021-இல் நாட்சம்பளம் 1,000 ரூபா என்று வர்த்தமானியில் வந்தபின், எத்தனை கிலோ எடுத்தால் ஒரு பேர் என்று தோட்டத்துக்குத் தோட்டம் எழுந்த தகராறுகளை வீட்டுக்குள்ளிருந்து பார்த்த பிள்ளை அது. உற்பத்தித்திறன் பாடத்தை அந்தப் பிள்ளையோடு சேர்ந்து எழுதினால், பாடத்தின் முதல் கேள்வியே மாறும்: தரமும் எடையும் ஒன்றுக்கொன்று எதிராக இழுக்கும்போது கூலியை எதனோடு கட்டுவது?

தொழிற்சாலைப் பக்கமும் இப்படித்தான். கொழுந்தைச் சாக்கில் இறுக்கி அடைத்தால் சூடேறிச் சிவக்கும், பிறகு எந்த இயந்திரமும் அந்தத் தரத்தை மீட்காது என்பது பாடப்புத்தகத்திலேயே இருக்கும் செய்தி. ஏன் இறுக்கி அடைக்கிறார்கள் என்பது புத்தகத்தில் இல்லை. கொழுந்து நிறுக்கும் மடுவம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, லொறி எத்தனை மணிக்கு வரும், நிறுவையில் ஈரத்துக்கும் சாக்குக்கும் எவ்வளவு வெட்டு, தலையில் இரண்டாவது சாக்கைத் தூக்கிக்கொண்டு அந்தச் சரிவில் இறங்க முடியுமா என்பதெல்லாம் தெரிந்தால்தான் அந்தக் கேள்விக்குப் பதில் வரும். இது அனுபவக் கதை என்று ஒதுக்கத்தக்கதல்ல. விளைபொருளின் தரம் கெடுவதற்கான காரணம் இது. ஒரு தொழில்நுட்பப் பட்டம் தேடவேண்டியது இதைத்தான்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். தோட்டத்திலிருந்து வந்த மாணவரைக் கண்டதும் "லயத்து வாழ்க்கையைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்பது பங்காளித்துவம் ஆகாது. அவர் கணினியியல் படிக்க வந்திருக்கலாம். கொழுந்துக் கூடையை மறக்கத்தான் அவர் இவ்வளவு தூரம் படித்திருக்கலாம். பாடநெறிக்கு அவர் கொண்டுவருவது பிறப்பால் வந்த அறிவு மட்டுமல்ல. மூன்றாம் வாரத்தில் ஏன் பாதி வகுப்புப் பின்தங்கியது, எந்த ஒப்படை வெறும் நகலெடுப்பில் முடிந்தது, எந்தச் சொல் உயர்தரத்தில் தாய்மொழியில் படித்தபோது ஒரு பொருளையும் இங்கே ஆங்கிலத்தில் வேறொரு பொருளையும் தந்து குழப்பியது என்பதெல்லாம் கொழும்பிலிருந்து வந்த மாணவருக்கும் மாத்தறையிலிருந்து வந்த மாணவிக்கும் தெரியும். விரிவுரையாளருக்குத் தெரியாது. அவர் இந்தப் பாடத்தைப் புதிதாகக் கற்று எத்தனையோ ஆண்டுகள் ஆகிவிட்டன.

"மாணவருக்குத் தெரியாது" என்ற வாதம் இந்த மலைகளுக்குப் புதிதல்ல. 1907-ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தும் பொறுப்பைத் துரைமாரிடம் கொடுத்தது. ஆறு வயது முதல் பத்து வயது வரை எழுத்தும் வாசிப்பும் கொஞ்சம் கணக்கும் போதும் என்று அப்போது தீர்மானித்தவர்களும், இந்தப் பிள்ளைகளுக்கு எது தேவை என்று தமக்குத் தெரியும் என்றே நம்பினார்கள். அதற்கு மேல் படித்தால் கொழுந்துக்கு ஆள் கிடையாது என்ற கணக்கும் அதற்குள் இருந்தது. 1945-இல் நாட்டுக்கு இலவசக் கல்வி வந்தபோதும் தோட்டப் பாடசாலைகள் அதன் வெளி ஓரத்திலேயே நின்றன. அரசு அவற்றை முறையாக ஏற்றது 1970களில்தான். இன்றைய விரிவுரையாளரை அன்றைய துரையோடு ஒப்பிடுவது என் நோக்கமல்ல. அவர்களில் பலர் இந்தப் பிள்ளைகளுக்காக உண்மையாகவே உழைக்கிறார்கள். ஆனால், நல்ல எண்ணத்தோடு சொன்னாலும் கெட்ட எண்ணத்தோடு சொன்னாலும், "உனக்கு எது தேவை என்று எனக்குத் தெரியும்" என்பது கேட்க வேண்டிய கேள்விகளைக் கேட்கவிடாது. அந்த விளைவு எண்ணத்தைப் பொறுத்து மாறுவதில்லை.

அரசின் போக்கிலேயே ஒரு முரண்பாடு இருக்கிறது. பல்கலைக்கழக அனுமதியில் 5 சதவீத இடங்கள் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கென்று ஒதுக்கப்பட்டுள்ளன. பதுளை அவற்றில் ஒன்று. மொழிமூலமும் பாடசாலையும் வசதியும் வேறுபடுகின்றன என்பதை வாசலில் வைத்து அரசு ஏற்றுக்கொள்கிறது. உள்ளே வந்ததும் எல்லோரும் ஒரே அச்சு என்று வைத்துப் பாடநெறியைக் கொடுக்கிறோம். பின்தங்கினால் பிள்ளையின் ஆங்கிலம் போதாது என்கிறோம். பாடநெறி போதவில்லையா என்று பார்ப்பதில்லை.

தரம் குறையும் என்ற அச்சத்துக்கு வருவோம். இலங்கைத் தகைமைகள் சட்டகம் சிறப்புப் பட்டத்தை ஆறாம் மட்டத்தில் வைத்து, அதற்கு 120 கிரெடிட்டும் அடைய வேண்டிய கற்றல் பேறுகளும் வகுத்திருக்கிறது. அதை மாணவர் கையில் கொடுத்துத் திருத்தச் சொல்லி எவரும் கேட்கவில்லை. பேறு என்ன என்பது சட்டகத்திலும் துறை அளவுகோலிலும் இருக்கட்டும். அந்தப் பேற்றுக்கு எந்த வரிசையில் போவது, எந்த உதாரணத்தால் போவது, எந்த ஒப்படையால் அதை அளப்பது, எங்கே மொழி உதவி தருவது என்பன திறந்தே இருக்கின்றன. இன்று இவற்றைப் பெரும்பாலும் பழக்கம்தான் முடிவு செய்கிறது. போன ஆண்டு என்ன நடந்ததோ அதுவே இந்த ஆண்டும். கல்வி ஆய்வாளர்களான கேத்தரின் போவில், அலிசன் குக்-சேத்தர், பீட்டர் ஃபெல்டன் ஆகியோர் 2014-இல் மாணவர் பங்காளித்துவம் பற்றி எழுதிய நூல் பரவலாக வாசிக்கப்பட்டது. அவர்கள் பேசும் பங்காளித்துவத்தில் ஆசிரியரும் மாணவரும் ஒரே வேலையைச் செய்வதில்லை. துறை அறிவு ஒருவரிடமிருந்தும், கற்கும் அனுபவம் மற்றவரிடமிருந்தும் வருகிறது, இரண்டுக்கும் மதிப்புண்டு. எது அத்திவாரம் என்று பேராசிரியர் சொல்லட்டும். அந்த அத்திவாரத்தில் கால் எங்கே வழுக்குகிறது என்று மாணவர் சொல்லட்டும்.

வெளிநாட்டில் சிலர் இதைவிடத் துணிந்து போயிருக்கிறார்கள். சுவீடனின் உப்சாலாவில் 1990களில் மாணவர் முயற்சியில் உருவான செமுஸ் என்ற மையத்தில், சூழலும் மேம்பாடும் பற்றிய பாடநெறிகளை மாணவர்களே சம்பளத்துடன் பணியில் அமர்ந்து திட்டமிட்டு நடத்துகிறார்கள். பேராசிரியர்கள் விரிவுரை கொடுக்கவும் கல்வித் தரத்தைக் கவனிக்கவும் கூடவே இருக்கிறார்கள். உப்சாலாப் பட்டத்தின் மதிப்பு அதனால் இடிந்து விழவில்லை. அமெரிக்காவின் பிரின் மார் கல்லூரியில் 2007 முதல் மாணவர்கள் ஊதியம் பெற்று, தாங்கள் பதிவு செய்யாத வகுப்புகளில் அமர்ந்து, ஆசிரியரோடு வாரந்தோறும் பேசி, கற்பித்தலைச் சீர்செய்ய உதவுகிறார்கள். ஆலோசனை சொல்லும் மாணவருக்கு அந்த வகுப்பில் ஆசிரியர் புள்ளி போடுவதில்லை என்பதால் பயமும் இல்லை, முகத்துதியும் இல்லை. இவை வசதியுள்ள நாடுகளின் கதை என்று சொல்வார்கள். ஆனால் பிரின் மார் ஏற்பாட்டுக்கு வேண்டியது ஒரு நாற்காலியும் ஒரு சிறிய கொடுப்பனவும் ஓர் ஆசிரியரின் மனசும்தான்.

மாணவர் கை வைத்தால் பாடம் இலேசாகிவிடும் என்பவர்கள் குப்பியை நினைத்துப் பார்க்க வேண்டும். நம் பல்கலைக்கழகங்களில் படித்த எவருக்கும் குப்பி தெரியும். பரீட்சை நெருங்கும்போது விடுதியிலோ வெற்று விரிவுரை மண்டபத்திலோ ஒரு சீனியர் கரும்பலகையைப் பிடிப்பார். மூன்று மாத ஆங்கில விரிவுரையை ஓர் இரவில் தாய்மொழியில் உடைத்துச் சொல்வார். எது வரும், எது வராது, எதை விட்டுவிடலாம் என்று கடந்தகால வினாத்தாளை வைத்துப் பிரிப்பார். பாடநெறியை மாணவர்கள் ஏற்கெனவே மறுவடிவமைத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். பொறுப்பில்லாமல், கடைசி நேரத்தில், ஆசிரியருக்குத் தெரியாமல் அது நடக்கிறது. அங்கே வெட்டி எறியப்படுவது எது, எந்த விளக்கத்தில் எல்லோருக்கும் புரிகிறது என்ற விலைமதிப்பற்ற தகவல் விடியும்போது கரும்பலகையோடு அழிந்துபோகிறது. இலேசாக்கும் வேலை நடப்பது மாணவர் பங்காளியாக இல்லாத இன்றைய முறையில்தான். அதே சீனியரைப் பாடநெறி தொடங்கும் முன்பே மேசைக்கு அழைத்தால், எதை விடலாம் என்பதைப் பரீட்சைக்காக இல்லாமல் பாடத்துக்காக யோசிக்க வேண்டிவரும்.

கருத்துக்கேட்புப் படிவம் இருக்கிறதே என்பார்கள். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் தர உறுதி ஏற்பாடுகள் வந்தபின் படிவங்களுக்குக் குறைவில்லை. மீளாய்வுக் குழு வரும்போது கோப்பில் அடுக்கிவைக்க அவை உதவும். பந்தி முடிந்து இலை எடுத்தபிறகு உப்புச் சரியா என்று கேட்பது போல, பருவம் முடியும்போது நிரப்பப்படும் படிவம் நிரப்பியவருக்கு ஒன்றும் செய்வதில்லை. அடுத்த ஆண்டு வருபவருக்கும் ஏதாவது செய்ததா என்பதை எவரும் திரும்பி வந்து சொல்வதில்லை. ஒன்று முதல் ஐந்து வரை வட்டமிடும் கட்டத்துக்குள் "கொழுந்து குறையும் மாதத்தை ஏன் பேசவில்லை?" என்ற கேள்வி அடங்காது.

அரசியல் பற்றிய அச்சம் மூன்றிலும் வலுவானது. பகிடிவதையால் உயிர்கள் போன நாடு இது; அதைத் தடுக்க 1998-இல் தனிச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. மாணவர் ஒன்றியங்களின் வரலாற்றில் தியாகமும் உண்டு, வன்முறையும் உண்டு. ஆகவே நாற்காலியை மாணவருக்குக் கொடுத்தால் கட்சி வந்து உட்காரும் என்கிறார்கள். ஆனால் 1978-ஆம் ஆண்டின் 16-ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டமே ஒவ்வொரு பீடச் சபையிலும் தெரிவு செய்யப்பட்ட இரண்டு மாணவருக்கு இடம் வைத்திருக்கிறது. மாணவருக்குப் பாடத்திட்டம் பற்றிப் பேச வாயில்லை என்று சட்டம் ஒருபோதும் சொல்லவில்லை. சொன்னது பழக்கம். மேலும், பீடச் சபையில் பிரதிநிதியாக இருப்பது வேறு, ஒரு பாடநெறியில் பங்காளியாக வேலை செய்வது வேறு. பிரதிநிதி வாக்குக் கேட்டு வருகிறார். அவர் எல்லோருக்காகவும் பேச வேண்டும். பங்காளி தனக்குத் தெரிந்த ஒரு பாடநெறியின் ஒரு பகுதியைப் பற்றி மட்டும் பேசினால் போதும். அந்த ஆளை ஒன்றியம் நியமிக்கத் தேவையில்லை. அந்தப் பாடநெறியை முடித்தவர்களில் சீட்டுக் குலுக்கி நான்கு பேரை எடுக்கலாம். பேச வேண்டியது ஒப்படை மூன்றின் வழிகாட்டலைப் பற்றி என்றால் எந்தக் கட்சிக்கும் அதில் ருசி இராது.

சீட்டுக் குலுக்கலை நான் வலியுறுத்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பங்காளித்துவத்துக்கு எதிராகச் சொல்லக்கூடிய மிகக் கூர்மையான வாதத்தை அதன் எதிர்ப்பாளர்கள் சொல்வதே இல்லை. மேசையைத் திறந்துவிட்டால் அதில் வந்து அமர்வது நன்றாக ஆங்கிலம் பேசுகிறவர்தான், நகரப் பாடசாலையிலிருந்து வந்தவர்தான், ஏற்கெனவே ஆசிரியருக்கு அறிமுகமானவர்தான். பகுதிநேர வேலைக்கு ஓடும் பிள்ளையும், வார இறுதியில் தோட்டத்துக்கு பஸ் பிடித்து ஓடும் பிள்ளையும், கூட்டத்தில் வாய் திறக்கக் கூசும் பிள்ளையும் வரமாட்டார்கள். அப்போது முன்பு பேராசிரியரின் பெயரில் இருந்த பாடத்திட்டம் சில வசதியான மாணவரின் பெயரிலும் வரும். தோட்டத்துப் பிள்ளைக்கு எதுவும் மாறாது. இது உண்மையான ஆபத்து. அதனால்தான் இங்கே ஏற்பாட்டின் விபரம் முக்கியமாகிறது. ஆட்களைச் சீட்டில் எடுக்க வேண்டும். அந்த நேரத்துக்குக் கொடுப்பனவோ கிரெடிட்டோ தர வேண்டும். தமிழிலும் சிங்களத்திலும் பேச இடம் கொடுக்க வேண்டும். பாடம் ஆங்கிலத்தில் இருக்கட்டும். பாடத்தைப் பற்றிய பேச்சு ஆங்கிலத்தில்தான் நடக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

விரிவுரையாளரின் நேரம் பற்றியும் சொல்ல வேண்டும். 2022 நெருக்கடிக்குப் பின் பலர் நாட்டைவிட்டுப் போக, எஞ்சியவர்கள் இருவர் வேலையை ஒருவர் பார்க்கிறார்கள். பதவி உயர்வில் ஆய்வுக் கட்டுரைகளுக்கே பெரிய எடை. இவர்களிடம் போய் இன்னொரு சுமையை வைப்பது நியாயமில்லை. எனவே முழுப் பட்டப்படிப்பையும் கிளறிப்போடும் திட்டம் வேண்டாம். ஒரு துறை, ஒரு பாடநெறி, அதில் ஓர் ஒப்படை. பருவம் தொடங்கும் முன் நான்கு பழைய மாணவரோடு ஓர் அரை நாள். நான்காம் வாரத்தில் இன்னோர் அமர்வு. எது மாற்றப்பட்டது, எது ஏன் மாற்றப்படவில்லை என்று முடிவில் ஒரு பக்கக் குறிப்பு. அந்தக் குறிப்பை அடுத்த தொகுதியினர் கையில் கொடுக்க வேண்டும். இந்த வேலையைப் பதவி உயர்வுக்குரிய பங்களிப்பாகக் கணக்கிட வேண்டும். இல்லையென்றால் நல்ல மனசுள்ள இருவர் களைத்துப்போகும்வரை நடந்து நின்றுவிடும்.

கடைசியாக, மலையகத்தவருக்கு ஒரு வார்த்தை. மலையகப் பல்கலைக்கழகம் வேண்டும் என்ற கோரிக்கை நெடுநாளாக இருக்கிறது. 2023-இல் மலையக மக்கள் இங்கே வந்து 200 ஆண்டு ஆனதைக் குறித்தபோதும் அது மேடைகளில் ஒலித்தது. கோரிக்கை நியாயமானது. ஆனால் பேச்செல்லாம் காணி எங்கே, கட்டிடம் எங்கே, அடிக்கல் யார் நாட்டுவது என்பதிலேயே சுற்றுகிறது. அந்தக் கட்டிடத்துக்குள் என்ன கற்பிக்கப்படும், அதை யார் எழுதுவார்கள் என்று கேட்டவர் குறைவு. வேறெங்கோ எழுதிய பாடத்திட்டத்தைக் கொண்டுவந்து தேயிலை மலையில் இறக்கினால், பெயர்ப்பலகையில் மட்டும்தான் அது மலையகப் பல்கலைக்கழகமாக இருக்கும். மலையகம் தன் பிள்ளைகளுக்கு ஆசனம் கேட்கிறது. பாடநெறி மேசையிலும் ஆசனம் கேட்கட்டும். அந்தக் கேள்வியைப் புதிய கட்டிடம் எழும்வரை ஒத்திப்போடத் தேவையில்லை. பதுளையில் ஒரு பல்கலைக்கழகம் ஏற்கெனவே இருக்கிறது. சட்டத்தில் இடமும் இருக்கிறது. சொல்ல விஷயமுள்ள மாணவர்களும் இருக்கிறார்கள். அடுத்த பருவத்துக்கு முன், ஒரே ஒரு பாடநெறியில், ஒரு விரிவுரையாளர் இதைத் தொடங்கிப் பார்க்கட்டும்.